பாலோ எலும்புக்கு எத்தனை அடி வால்?

சென்ற மாசி மாதம், மழை ஓய்ந்து வெயில் ஏறத் தொடங்கிய சமயத்தில், ஆபீசில் லீவு எடுத்துக்கொண்டு பாலோ என்ற சிற்றூருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றுக்குப் போய் வந்தேன். பாலோவுக்கு யாரும் பொழுதுபோக்காகப் போவதில்லை. சொந்தக்காரர் இருந்தால் போவார்கள், வேலை கிடைத்தால் போவார்கள். என்னை அங்கே இழுத்தது ஓர் எலும்பு.

நான் ஜோகூர் பாருவில் நில அளவைப் படம் வரைகிற உத்தியோகத்தில் இருக்கிறேன். அதற்கு முன்பு சிங்கப்பூரில், விலங்குகளின் எலும்பை ஆராய வந்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பண்டிதருக்கு ஒன்றரை வருஷம் படம் எழுதிக் கொடுத்தேன். எலும்பைப் படிக்கச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். வேலை முடிந்த சாயங்காலங்களில் டைனோசர்களைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார். அவரிடம் டைனோசர் எலும்பு ஒன்றும் இல்லை. சுண்ணாம்புச் சாந்தில் வார்த்த நகல்கள் இரண்டுதான் இருந்தன. அவற்றைத் தடவிப் பார்த்த நாள் முதல், என்றாவது அசல் எலும்பு ஒன்றைத் தொட வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. மனைவிகூட இதற்காக என்னைக் கேலி செய்வாள்.

ஆகவே, பாலோ தோட்டத்தின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணியார் நாகலிங்கம், "இங்கே வடிகால் வெட்டும்போது பெரிய எலும்பு ஒன்று அகப்பட்டிருக்கிறது. டைனோசர் என்கிறார் துரை. படம் எழுத உங்களை வரச் சொல்கிறார்" என்று சொல்லி அனுப்பியபோது நான் யோசிக்கவே இல்லை.

ஜோகூர் பாருவில் காலை ஏழரை மணி வண்டியைப் பிடித்தேன். மூன்றாம் வகுப்பு, கட்டணம் இரண்டு வெள்ளிக்குச் சற்றுக் கூட. கூலாய் வரை நிற்கத்தான் இடம் கிடைத்தது. கோழிக்கூடையோடு ஒரு சீனத்தியும், வெற்றிலைக் கட்டுகளோடு நம்மவர்கள் நாலைந்து பேரும் இறங்கிய பிறகு சன்னலோரம் உட்கார்ந்தேன். குளுவாங்கில் வண்டி நெடுநேரம் நிற்கிறது. இறங்கிக் கோப்பி குடித்துவிடுங்கள். பாலோ நிலையத்தில் அன்று தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை. வழி நெடுக ரப்பர் மரங்கள் இலை சிவந்து உதிர்த்துக்கொண்டிருந்தன. இலை உதிரும் பருவத்தில் பால் குறைவு. தோட்டங்களில் ஆட்களுக்கு வெட்டு வேலை பாதியாகிவிடும். துரைக்கு மண் தோண்ட ஆள் எங்கிருந்து கிடைக்கும் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

பகல் பதினொன்றரைக்குப் பாலோ. அங்கிருந்து தோட்டம் ஆறு மைல். தோட்டத்து லாரி காத்திருந்தது. ஓட்டுநர் பாக் மாட் என்ற மலாய்க்காரர், நல்ல மனிதர், ஆனால் திருப்பத்தில் ஹாரன் அடிக்கிற வழக்கம் இல்லாதவர். நான் எலும்பைப் பார்க்க வந்தவன் என்று தெரிந்ததும், "அது துலாங் நாகா, துவான். நாகத்தோட எலும்பு. ரொம்பப் பெருசு. கம்பத்துல, எங்க ஊருல, யாரும் அந்தப் பக்கம் போறதில்ல" என்றார் பாதி மலாயிலும் பாதித் தமிழிலும். எவ்வளவு பெரிது என்று கேட்டேன். ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

தோட்டத்தில் இறங்கியதும் நாகலிங்கம் எதிர்கொண்டு வந்தார். யாழ்ப்பாணத்தவர், ஐம்பது வயது, இஸ்திரி போட்ட வெள்ளைக் கோட்டு. "வாங்கோ தம்பி. எலும்பைப் பாக்க முந்திச் சாப்பிடுங்கோ. துரை பிடிச்சாரெண்டால் பொழுதுபடுமட்டும் விடமாட்டார்" என்றார். சோறும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டுவிட்டுத் துரையின் பங்களாவுக்குப் போனோம்.

தோட்டத்தை நிர்வகிக்கும் வெள்ளைக்காரத் துரை நாற்பது வயதுக்காரர். தனிக்கட்டை. பத்து மைல் சுற்றளவில் அவரோடு உட்கார்ந்து பேச இன்னொரு வெள்ளைக்காரர் கிடையாது. சாப்பாட்டு மேசையிலிருந்து தட்டுகளை எல்லாம் அகற்றிவிட்டு, கோணிச் சாக்கு விரித்து அதன்மேல் எலும்பைக் கிடத்தியிருந்தார்.

கறுப்பு. பளபளக்கும் கறுப்பு. இரண்டடி நான்கு அங்குல நீளம், இரண்டு முனையும் உடைந்தது. தொடையெலும்பு என்று பார்த்ததுமே தெரிந்தது. தூக்கிப் பார்த்தேன், கல்லாகக் கனத்தது. கீழே வைக்க மனமில்லாமல் நான் அதை ஏந்தி நின்றதைத் துரை பார்த்துவிட்டார். என் தோளில் தட்டி, "நீயும் நம்புகிறாய் அல்லவா?" என்று இங்கிலீஷில் கேட்டார். நம்பத்தான் ஆசைப்பட்டேன்.

பிறகு தமது கணக்கைச் சொன்னார். கிடைத்திருப்பது எலும்பில் பாதி. ஆகையால் முழு எலும்பு கிட்டத்தட்ட ஐந்தடி. அவரிடம் ஒரு சஞ்சிகையிலிருந்து கத்தரித்த படம் இருந்தது, நீளக் கழுத்தும் நீள வாலும் உள்ள டைனோசர். அதன் தொடையெலும்பு ஐந்தடி என்றால் உடல் எழுபதடி. ஆக, அவருடைய தோட்டத்தில் எழுபதடி மிருகம் புதைந்து கிடக்கிறது. கழுத்து எந்தப் பக்கம், வால் எந்தப் பக்கம் என்று தெரியாததால், எலும்பு கிடைத்த இடத்தைச் சுற்றி எழுபதடிக்கு முளை அடித்துக் கயிறு கட்டியாகிவிட்டது. மறுநாளே தோண்ட ஆரம்பம்.

வாசகர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பெரிய டைனோசர்கள் பலவற்றுக்கும் முழு எலும்புக்கூடு கிடைப்பதில்லை. ஒரு தொடை, இரண்டு முதுகெலும்பு, கொஞ்சம் விலா, அவ்வளவுதான். மீதியை நெருங்கிய உறவுள்ள வேறு மிருகத்தைப் பார்த்து நிரப்புவார்கள். எடை தெரிய வேண்டுமானால் களிமண்ணில் சின்ன உருவம் செய்து தண்ணீரில் அமுக்குவார்கள். வழிகிற தண்ணீரைக் கொண்டு உருவத்தின் கன அளவைத் தெரிந்துகொண்டு, அசல் அளவுக்குப் பெருக்குவார்கள். நீளம் இரண்டு பங்கானால் எடை எட்டுப் பங்காகும். அதனால் நீளத்தில் சிறு பிசகு வந்தாலும் எடையில் அது பூதமாகிவிடும். எல்லாவற்றிலும் மோசம் வால். வால் முழுசாகக் கிடைப்பது அபூர்வம். "நீளமான டைனோசர் என்று யாராவது சொன்னால், வாலை யார் ஒட்டினார்கள் என்று கேள்" என்பார் எங்கள் பண்டிதர். துரையின் எழுபதடியில் பாதிக்கு மேல் வால்தான்.

மூன்று மணிக்கு நாகலிங்கத்தோடு இடத்தைப் பார்க்கப் போனேன். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குப் பின்னால் ஒரு சதுப்புப் பள்ளம். அதில் புதிதாக வெட்டிய வடிகால். பள்ளத்தின் கிழக்குக் கரை மேடாக ஏறுகிறது. வெள்ளைக் கயிறு அந்த மேட்டின்மேல் வளைந்து போயிற்று. கயிற்றுக்குள்ளே, புல்லுக்கு நடுவே, சின்னச் சின்ன மண்மேடுகள். சிலவற்றின் தலைமாட்டில் கல். சிலவற்றில் கவிழ்த்து நட்ட கண்ணாடிப் புட்டி.

"இது என்ன?" என்று கேட்டேன்.

"சவக்காலை" என்றார் நாகலிங்கம். "காடு அழிச்ச காலத்திலை காய்ச்சலிலை செத்த சனம். பிறகு செத்த பிள்ளையளும் இஞ்சைதான். துரை புதுசு, வந்து ரெண்டு வரியம். அவருக்கு இது வெறும் மேடு. சொன்னனான். வேறை இடத்துக்கு மாத்திக் குடுப்பம் எண்டு சொல்லுறார்."

அங்கே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும், தலையில் துணியைச் சுற்றியிருந்தாள். அங்கம்மா என்று பெயர், பால் வெட்டுகிறவள். நான் யார் என்பது லயம் முழுவதும் பரவியிருந்தது போலிருக்கிறது. நேராக என்னிடம் வந்தாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாங்களா? அந்த மிருகத்தோட வாலு எங்கிட்டு வந்து முடியும்?"

எனக்கு உடனே புரியவில்லை.

"எம் மவ அந்தா, அந்தக் கல்லுக்குப் பக்கத்துல இருக்கா. கயித்துக்கு உள்ளாறதான். ஆனா ரொம்ப ஓரம். வாலு அதுக்கு முன்னாடியே முடிஞ்சிருமான்னு கேட்டேன்."

அவள் அழவில்லை. ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோலக் கேட்டாள். எலும்பு கிடைத்த இடத்திலிருந்து அந்தக் கல் வரை பார்வையால் அளந்தேன், அறுபதடி இருக்கும். "தெரியலம்மா. இனிமேதான் அளக்கணும்" என்றேன்.

"நல்லாப் பாத்து அளங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

திரும்பும் வழியில் நாகலிங்கம் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, துரை உங்கட சொல்லைக் கேப்பார். சின்ன மிருகமெண்டு சொல்லிப்போட்டுப் போங்கோவன். ஆருக்கு என்ன நட்டம்?"

நட்டம் உண்டு. துரை அந்த எலும்பைப் படத்தோடு பெரிய பண்டிதர்களுக்கு அனுப்பப் போகிறார். நான் பொய் சொன்னேன் என்று நாளை வெளியானால் மண்வெட்டி மேட்டில் இறங்கும், என்னை வரவழைத்த நாகலிங்கத்தின் வேலையும் போகும். அதைச் சொன்னேன். சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது. அது உண்மையிலேயே டைனோசராக இருந்தால்? மலாயா முழுவதிலும் யாரும் காணாத ஒன்றை, யானையோ எருமையோ என்று சொல்லி என் கையாலேயே மூடிவிட்டுப் போகவா? அந்த மேட்டைப் பார்த்த பிறகும் என் மனசில் அந்த ஆசை சாகவில்லை. அன்று மாலை நான் பட்ட அவஸ்தை அதுதான்.

பங்களாவில் விளக்கு ஏற்றுமுன் எலும்பை அளந்தேன். ஒரு நூல் போதும். அங்குலத்துக்கு ஒருதரம் சுற்றளவு எடுத்தேன். நடுவில் பதினாலரை அங்குலம், அதுதான் மிகக் குறுகிய இடம். அங்கிருந்து இரண்டு பக்கமும் சுற்றளவு ஏறிக்கொண்டே போய், உடைந்த முனைகளில் நன்றாக அகன்றுவிட்டது. தொடையெலும்பு மூட்டுக்குக் கிட்டே போகும்போதுதான் அப்படி அகலும். ஆகவே இது பாதி எலும்பு அல்ல. இரண்டு முனையிலும் ஆறேழு அங்குலம்தான் குறைகிறது. முழு நீளம் மூன்றேகால் அடியிலிருந்து மூன்றரை அடி. ஐந்தடி எலும்பு இவ்வளவு மெலிசாக இருந்தால் எழுபதடி உடலைத் தாங்காது, மூங்கில் கழியில் வீடு கட்டிய கதைதான்.

துரையிடம் சொன்னேன். யானையாக இருக்கலாம் என்றும் சொன்னேன். முட்டாள் மனிதர் அல்ல அவர். நூலை வாங்கித் தாமே அளந்தார். இரண்டு முறை அளந்தார். ஐந்தடியை விட்டுவிட்டார். ஆனால், "மூன்றரை அடித் தொடை உள்ள டைனோசர் கிடையாதா?" என்று கேட்டார். உண்டு. "அதற்கு நீள வால் இருக்கக் கூடாதா?" இருக்கலாம். படத்தை எடுத்துக் கணக்குப் போட்டு, ஐம்பதடி என்றார். ஐம்பதடியில் அங்கம்மாவின் மகள் தப்பித்துவிடுவாள். மற்றக் குழிகளில் பாதி தப்பாது.

எலும்பின் அளவு தெரிந்துவிட்டது. எந்த மிருகம் என்று தெரியாமல் அந்த அளவை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. மூட்டு முனைகள் இருந்தால் சொல்லிவிடலாம், அவை இல்லை. சிங்கப்பூரில் நான் வரைந்த யானைத் தொடை ஒன்றே ஒன்று, அதுவும் வெள்ளையாக, லேசாக இருந்தது. இது கல்லாகக் கனக்கிறது. கடைசியில் துரையிடம் ஒன்று கேட்டேன்: மேட்டைத் தொடுமுன் எலும்பு கிடைத்த இடத்தைச் சுற்றிப் பத்தடி மட்டும் தோண்டிப் பார்ப்போம். எந்த மிருகமானாலும் தொடைக்குப் பக்கத்தில் வேறு எலும்பு கிடக்க வேண்டும். "நாளை நண்பகல் வரை" என்றார் அவர்.

மறுநாள் காலை பன்னிரண்டு பேர் வடிகாலில் இறங்கினார்கள். அங்கம்மாவும் வந்திருந்தாள். மண்ணெண்ணெய் டின்களில் தண்ணீரை இறைக்க இறைக்க ஊறிக்கொண்டே இருந்தது. மேலே கரிச்சேறு, அதற்குக் கீழே நீலக் களிமண், பிசின் மாதிரி ஒட்டும். துரை காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டுத் தாமும் இறங்கிவிட்டார். "மெல்லா வெட்டு, மெல்லா வெட்டு" என்று தோட்டத் தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தார். அட்டைகள் அவரை மட்டும் கடிக்காமல் விட்டனவா என்ன!

பத்து மணிக்கு ஒரு மண்வெட்டி டங்கென்றது. கையால் களிமண்ணை வழித்தோம். தட்டையான எலும்பு, உடைந்தது, வழிக்க வழிக்க அகன்றுகொண்டே போயிற்று. இரண்டடி, இரண்டரை, மூன்றடி. துரை சத்தமாகச் சிரித்தார். இடுப்பெலும்பின் ஒரு பக்கம்தான், ஆனால் எந்த மிருகத்துக்கு மூன்றடி இடுப்பு? கரையில் நின்றவர்கள் எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். என்ன தெரிந்ததோ, நாகலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் பார்க்கவில்லை. தோண்டச் சொன்னேன்.

அங்கம்மாதான் கூப்பிட்டாள். "ஐயா, இது எலும்பு இல்லீங்க, என்னமோ கல்லு. வரி வரியா இருக்கு." இரண்டு கையாலும் தூக்கித் தண்ணீரில் அலசி நீட்டினாள். ஒரு செங்கல் அளவு இருந்தது. தட்டுகளைச் சாய்த்து அடுக்கி ஒட்டியதுபோலப் பக்கவாட்டில் வரிகள். மேலே தேய்ந்த முகத்தில், துணி வெளுக்கிற பலகையின் மேடு பள்ளம்போல மேடு பள்ளம்.

நான் அதை வாங்கி, தேய்ந்த முகத்தை விரலால் துடைத்தேன்.

யானையின் கடைவாய்ப் பல். அதை வேறு எதுவென்றும் சொல்ல முடியாது. உலகத்தில் எந்த டைனோசருக்கும் அப்படி ஒரு பல் இருந்ததில்லை. சிங்கப்பூரில் அந்த வரிகளை ஒவ்வொன்றாக நான் படம் எழுதியிருக்கிறேன், கண்ணை மூடினாலும் தெரியும். சிரிப்பு வந்தது, அடக்கப் பார்த்தும் முடியவில்லை. "யானைம்மா! யானை!" என்றேன்.

"யானையா?" அங்கம்மா பல்லைப் பார்த்தாள், துரையைப் பார்த்தாள், மேட்டைப் பார்த்தாள். "அலமாக்! யானைக்கா இம்புட்டு ஆட்டம்?"

கரையில் ஒருவர் சிரிக்க, எல்லாரும் சிரித்தார்கள். நாகலிங்கம் வெள்ளைக் கோட்டோடு சேற்றில் இறங்கிவிட்டார், அதை அவரே கவனிக்கவில்லை.

துரை பல்லை வாங்கி வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கும் தெரிந்துவிட்டது. ஆனாலும் ஒரு கடைசி ஆசை: கல்லாகிப்போன ஆதிகாலத்து யானையாக இருக்கக் கூடாதா? தொடையெலும்பின் சிம்பு ஒன்றைச் சுருட்டு நெருப்பில் காட்டினோம். மயிர் கருகும் நாற்றம் வந்தது. கல்லானது அப்படி நாறாது. காடு அழிக்கும் முன் என்றோ சதுப்பில் சிக்கிச் செத்த யானை. கறுப்பும் கனமும் களிமண்ணும் சதுப்பு நீரும் கொடுத்தவை.

"எவ்வளவு உயரம் இருந்திருக்கும்?" என்று கேட்டார். தோள் வரை எட்டடி என்றேன். இப்போது மிருகம் இன்னதென்று தெரியும், அதனால் தயங்காமல் சொல்ல முடிந்தது. "எட்டடி" என்று திருப்பிச் சொன்னார். எழுபதிலிருந்து எட்டுக்கு வந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்தத் தோட்டத்தில் அவருடைய ஏமாற்றம் இன்னதென்று தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். பிறகு அவர் மேட்டில் ஏறினார். குழிகளுக்கு நடுவே நின்று, முதல் தடவையாகக் கீழே பார்த்தார் என்று நினைக்கிறேன். கல்லைக் காட்டி நாகலிங்கத்திடம் ஏதோ கேட்டார், அவர் பதில் சொன்னார். துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "கயிறு எடு" என்றார் தமிழில்.

அங்கம்மா எடுக்கப் போனாள். முளை முளையாக அவிழ்த்து முழங்கையில் சுற்றிக்கொண்டே வந்தாள். மகள் இருந்த இடத்தில் நிற்கக்கூட இல்லை. வேலையை முடிக்கிற அவசரம். சுற்றிய கயிற்றைக் கிராணியாரிடம் கொடுத்துவிட்டு, "நல்ல கயிறு, துணி காயப்போடக் கொடி கட்ட எனக்குத் தருவீங்களா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டும் போனாள்.

அன்று பிற்பகல் யானையின் படத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வண்டி ஏறினேன். ரயிலில் உட்கார்ந்ததும் எனக்கு வந்த நிம்மதியை எப்படிச் சொல்வது? டைனோசரைத் தொடுகிற வாய்ப்பு போயிற்று, வருத்தம் கொஞ்சம் இருந்தது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு நான் சொல்ல விரும்பிய பதிலும், நூலும் பல்லும் சொன்ன பதிலும் ஒன்றாகவே இருந்தன. இரண்டும் வேறாக இருந்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்பது எனக்குத் தெரியாது. அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டிவரவில்லை. றெங்கம் நிலையம் தாண்டுமுன் தூங்கிவிட்டேன், ஜோகூர் பாருவில் ஒரு சீக்கியக் காவலர்தான் தட்டி எழுப்பினார்.

இனி, போக நினைக்கிறவர்களுக்கு. மாசி, பங்குனியில் போங்கள், மற்ற மாதங்களில் அந்த ஆறு மைல் சாலையில் லாரி புதைந்துவிடும். பாலோவிலிருந்து தோட்டத்துக்கு வாடகை வண்டி கிடையாது, முன்கூட்டிச் சொல்லி வையுங்கள். அட்டைக்குப் புகையிலைத் தண்ணீரில் நனைத்த காலுறை நல்லது. எங்கேயாவது எலும்பு அகப்பட்டால் பெயர்க்காதீர்கள். கிடந்தபடி படம் எழுதி, பக்கத்திலேயே பல்லைத் தேடுங்கள். பல் கிடைக்கும் வரை யாருக்கும் நீளம் சொல்லாதீர்கள். தொடையும் இடுப்பும் இப்போது துரையின் பங்களா முன்கூடத்தில் இருக்கின்றன, கேட்டால் காட்டுவார், கோப்பியும் கொடுப்பார். பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் பள்ளத்தையும் காட்டக் கூட்டிப் போவார். லயத்துப் பக்கமிருந்து போனால் குழிகள் உள்ள அந்த மேட்டின் குறுக்கே நடந்து இறங்குவதுதான் கிட்டத்து வழி. துரை அந்த வழியில் போவதில்லை, சுற்றித்தான் போவார். நீங்களும் அவர் பின்னாலேயே போங்கள்.